தபாலக்காவுக்கு ஒரு கதிரை

எங்கள் பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கக் கூட்டம் அன்றைக்குக் கோரத்துக்கு ஆள் எண்ணிக்கை போதாமல் நாற்பது நிமிடம் தொடங்காமல் கிடந்தது. ஒரே ஒரு ஆள்தான் குறைவு. அந்த ஒரு ஆள் முன் கேற்றடியில் பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்று, கூட்டம் தன் குரலைக் கேட்கவேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார்.

இதை யாரிடம் சொன்னாலும் நான் கூட்டிச் சொல்வதாகத்தான் நினைக்கிறார்கள். நான் கணிதம் படிப்பிக்கிறவள். கூட்டிச் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. கோபம் வரும், அது வேறு.

எங்கள் பள்ளிக்கூடம் பிரதான வீதியைப் பார்த்துக்கொண்டு, வாவிக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. பின் மதிலில் ஒரு கேற் இருக்கிறது. அதற்கு நேரே ஐம்பது அடியில் துறை. வாவியின் அக்கரையான படுவான்கரையிலிருந்து ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிவரும் மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். காலையில் முதல் பாதையில் எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து இறங்குவார்கள். இறங்கியதும் பின் கேற்றை ஒருமுறை பார்ப்பார்கள். அது பூட்டியிருக்கும். ஆடு மாடு உள்ளே வந்து தோட்டத்தைத் தின்றுவிடும் என்று எந்தக் காலத்திலோ யாரோ பூட்டியது. பிறகு மதிலோரம் போகும் ஒழுங்கையால் நடந்து, வீதிக்கு ஏறி, சுற்றிக்கொண்டு முன் கேற்றுக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். பிந்தி வந்தவர்கள் கொடிக்கம்பத்தடியில் நிற்கவேண்டும். முதல் பாடம் போய்விடும்.

முதல் பாடம் பெரும்பாலும் என்னுடையது. பின்னத்தைப் பாதியில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிற பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலைப் பிள்ளைகள் மேலேயே காட்டியிருக்கிறேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

இந்தக் கேற்றைத் திறக்கச் சொல்லி வருஷக்கணக்காகப் போராடியவர்தான் தபாலக்கா. அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. உப தபால் கந்தோரில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே பொதுக்காரியத்தில் இறங்கிவிட்டார் என்பார்கள். வீதி விளக்கு, மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால், மருந்துச்சாலையில் ஆட்கள் இருக்க ஒரு வாங்கு என்று அவர் கேட்டுப் பெற்றவை பல. பின் கேற் மட்டும் அசையவில்லை.

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கோரிக்கை எழுதிய மகஜரோடு வருவார். அவரோடு சேர்த்து ஐந்து பேர். பதாகை ஒன்றுதான், ஆரையம்பதியில் எப்போதோ அடித்தது. திகதி இருக்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் புதுக் கடதாசி ஒட்டி ஒட்டி அந்த மூலை பலகை மாதிரி தடித்துப்போய்விட்டது. அவர்கள் வருகிற நாளில் அதிபருக்கு எப்படியோ வலயக் கல்விப் பணிமனையில் கூட்டம் இருக்கும். எத்தனை அதிபர் மாறினாலும் அந்தக் கூட்டம் மாறவில்லை. ஆகவே சங்கச் செயலாளர் என்ற முறையில் மகஜரை வாங்குவது என் வேலை. கடதாசியின் ஒரு பக்கத்தை அவர் பிடிக்க, மறுபக்கத்தை நான் பிடிக்க, ஒருவர் போனில் படம் எடுப்பார். படம் சரிவரும் வரைக்கும் விடக்கூடாது. பிறகு நான், "கிடைச்சது அக்கா, உரிய கவனம் எடுப்பம்" என்பேன். அவர், "பாப்பம்" என்பார். நான் உள்ளே போய் ஒரு பதில் எழுதி, பழுப்பு உறையில் போட்டு அனுப்புவேன். உரிய கவனம் எடுக்கப்படும் என்று அதிலும் எழுதியிருக்கும்.

இந்த வருஷம் வந்த புது அதிபர் வேறு மாதிரி ஆள். சங்கத்தில் நலன்விரும்பிகளுக்கு உள்ள இடம் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அதற்குத் தபாலக்காவை நியமிப்போம் என்றார்.

"சேர், அவவ உள்ளுக்கு எடுத்தா கூட்டம் முடியாது" என்றேன்.

"வெளிய நிண்டா கத்துறதும் முடியாது, டீச்சர். உள்ளுக்குக் கதிரை குடுத்தா மனுசி அமைதியாகிடும்."

அவர் தபாலக்காவை அறியாதவர். நான் அறிந்தவள், ஆனாலும் சொல்வது அதிபர். நியமனக் கடிதத்தை எழுதி, முதல் கூட்டத்தின் திகதியும் நேரமும் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். அக்கா கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சியும் வந்தது. எல்லாம் சரி என்று இருந்தோம்.

கூட்ட நாள் பின்னேரம் இரண்டு மணிக்கு நாங்கள் கூடியிருந்தோம். அதிபர், நான், பழைய மாணவர் சார்பில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற தம்பி ஒருவர், பெற்றார் சார்பில் சிலர். தம்பி கடையைப் பாதி பூட்டிவிட்டு வந்தவர், ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் போனைப் பார்த்தார். புது உறுப்பினர் வந்தால்தான் கோரம். அதிபர் அவருக்கென்று ஒரு நல்ல கதிரையைத் துடைத்து வைக்கச் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் முன்பக்கம் சத்தம் கேட்டது. "திற, திற, பின் கேற்றத் திற."

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். அதே பதாகை, அதே ஐந்து பேர், கூட்டம் என்று ஊரில் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். நடுவில் தபாலக்கா, குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நான் விறுவிறு என்று கேற்றடிக்குப் போனேன். அவர் பழக்கப்படி மகஜரை நீட்டினார்.

"அக்கா, இதென்ன கூத்து? உங்களுக்காகத்தானே உள்ள பாத்துக்கொண்டு இரிக்கம்."

"உள்ள எடுத்து அமத்தப் பாக்கிறீங்க. அதெல்லாம் என்னட்ட நடவாது டீச்சர்."

"நீங்க சங்கத்தில ஒரு ஆள். நியமனக் கடிதம் அனுப்பினமே. கையெழுத்து வெச்சு வாங்கியிரிக்கீங்க."

"வாங்கினன். ஆரு இல்லயெண்டது?"

"வாசிக்கல்லயா?"

"திறந்தாத்தானே வாசிக்கிற" என்றார், மிக நிதானமாக.

அவர் எனக்காக இரக்கப்பட்டு விளக்கம் சொன்னார்.

"முப்பது வருசம் கடிதம் தொட்டவள் நான். உறையத் தடவிப் பாத்தா உள்ள என்ன இரிக்கெண்டு தெரியும். ஜன்னல் வெச்ச உறையெண்டா பில். வெள்ள உறையெண்டா கலியாணம். பழுப்பு உறை, கந்தோர் முத்திரை எண்டா, உரிய கவனம் எடுக்கப்படும். அதத் திறந்து என்னத்துக்குக் கண்ணக் கெடுக்கிற?"

அவரோடு வந்தவர்களுக்கும் அப்போதுதான் விஷயம் விளங்கியது. அவர்களில் மூத்த பெண் ஒருவர் குழம்பிப்போய்க் கேட்டார்.

"அப்ப அக்கா, இப்ப நாங்க மகஜர ஆரிட்டக் குடுக்கிற?"

"சங்கத்து ஆள் ஆரிட்டயும் குடுக்கலாம்" என்றேன் நான். சொன்ன பிறகுதான் அதன் கருத்து எனக்கே உறைத்தது.

தபாலக்கா யோசித்தார். பிறகு குடையை மடக்கி என்னிடம் தந்தார். கேற்றுக்கு உள்ளே ஒரு அடி வைத்தார். திரும்பி நின்று, தன் கையில் இருந்த மகஜரை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அந்தப் பெண் அதையே திரும்ப அவரிடம் நீட்டினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். போன் படம் எடுத்தது. எல்லாம் முறைப்படி நடந்தது.

"கிடைச்சது" என்றார் தபாலக்கா. "உரிய கவனம் எடுப்பம்."

சொல்லி முடித்ததும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். எதிரில் நின்ற பெண், "என்னக்கா, நீங்களுமா?" என்றார். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்கியிருக்க வேண்டும். ஏனென்றால் அக்காவின் கோபம் முழுவதும் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே கூட்டத்துக்குள் வந்தது.

கதிரையில் இருந்த உடனேயே தொடங்கிவிட்டார். அதிபர் வரவேற்புரை சொல்ல எழும்பியவர் அப்படியே திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

"பாத்தீங்களா சேர், எத்தின வருசமா இந்த ஒரு வசனத்தக் கேட்டுக் கேட்டு என்ட வாயிலயும் அது வந்திட்டு. ஒரு கடிதத்தில எண்டாலும் வேற கதை எழுதினீங்களா?"

"அதெப்படி அக்கா உங்களுக்குத் தெரியும்?" என்றேன் நான். "நீங்கதான் ஒண்டும் திறக்கல்லயே."

"தெரியும்."

"தெரியாது."

இந்த வயதில் இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரிச் சண்டை பிடிக்கிறோம் என்பதைப் பெற்றார் பிரதிநிதிகள் முகத்தில் பார்த்தேன். ஆனாலும் விடவில்லை. கடைசியில் அக்கா மேசையில் கையை வைத்துச் சொன்னார்.

"மகஜருக்கு வந்த எல்லாப் பதிலும் வீட்ட இரிக்கு. கொண்டு வாறன். உங்கட கண்ணுக்கு முன்னால திறப்பம். ஒண்டாவது வேறயா இரிந்தா நான் இந்தக் கதிரையில இரிக்கமாட்டன். இப்பவே ராஜினாமா."

அவர் வீடு பள்ளிக்கூடத்திலிருந்து மூன்றாவது வளவு. பத்து நிமிடத்தில் தபால் கந்தோரின் பழைய கன்வஸ் பை ஒன்றோடு திரும்பி வந்தார். உறைகள் வருஷ வரிசைப்படி றப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் கிடைத்த திகதி பென்சிலால் எழுதியிருந்தது. ஒன்றும் திறக்கவில்லை. இவ்வளவு ஒழுங்காகக் கடிதத்தை மதிக்காத ஒருவரை நான் பார்த்ததில்லை.

உறை வெட்டக் கத்தி இல்லை. தம்பி தன் சட்டைப் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார். அக்கா முதல் உறையை வாங்கித் தடவினார், வெளிச்சத்தில் பிடித்தார். "கிடைக்கப்பெற்றது, கவனம் எடுக்கப்படும்." தம்பி கிழித்து வாசித்தார். சொல்லுக்குச் சொல் சரி. அடுத்தது. "மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது." அதுவும் சரி. மூன்றாவதற்கு, "இதில முதல் பந்தியில நன்றி சொல்லியிரிப்பாங்க" என்றார். சொல்லியிருந்தது.

நான்காவதிலிருந்து கூட்டம் சூடு பிடித்துவிட்டது. பெற்றார் பிரதிநிதி ஒருவர் கை தட்டினார். தம்பி போனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தானும் ஒரு உறையைத் தடவி, "இது கவனம்" என்றார். "இல்ல, இது மேலிடம்" என்றார் அக்கா. மேலிடம்தான். அதிபர் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டு, "அடுத்ததை நான் சொல்லுறன்" என்றார். நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் என் முன்னாலேயே இப்படி விடுகதை ஆவதைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அக்காவின் திறமையில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பத்தோ பதினொன்றோ திறந்திருப்போம். அடுத்த உறையை அக்கா தடவி, கொஞ்சம் நின்றார்.

"இது தடிப்பு. நீட்டி எழுதியிரிக்காங்க. என்னத்த நீட்டினாலும் அதே கதைதான். திற மனே."

தம்பி வாசிக்கத் தொடங்கினார். தங்கள் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. காலை ஏழு மணியிலிருந்து மணி அடிக்கும் வரை பின் கேற் திறந்துவிடப்படும். ஆடு மாடு உள்ளே வராமல் பார்க்க அந்நேரம் ஊரில் பொறுப்பான ஒருவர் நிற்கவேண்டும். அவர் தாங்களே என்றால் எமக்குப் பெரு மகிழ்ச்சி. தங்கள் சம்மதம் கிடைத்த மறுநாளே திறக்கலாம்.

வாசித்து முடித்துவிட்டு உறையைத் திருப்பிப் பென்சில் திகதியைப் பார்த்தார்.

"அஞ்சு வருசம் அக்கா" என்றார். "இதில நீங்க தோத்திட்டீங்க போல."

அவர் விளையாட்டு மும்முரத்தில் சொன்னது. சொன்ன பிறகு அவரும் தலையைக் குனிந்துகொண்டார். தபாலக்கா கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தார். அவர் ஒரு கடிதம் வாசிப்பதை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். உதடு அசைந்தது.

பிறகு கடிதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். கையொப்பம் அப்போதிருந்த அதிபருடையது. எழுத்து என்னுடையது.

அந்தக் கடிதம் எழுதிய வாரம் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டி நடந்தது. நான் மைதானத்தில் கொடிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அந்த அதிபர் சொல்லச் சொல்ல எழுதியிருப்பேன். அடுத்த மாதம் அவர் இடமாற்றத்தில் போய்விட்டார். எனக்கு ஒரு சொல்லும் ஞாபகம் இல்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை முன் கேற்றடியில் மகஜரின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, உரிய கவனம் எடுப்பம் என்று சொல்லியிருக்கிறேன். அக்கா உறையைத் திறக்கவில்லை. நான் எழுதியதையே மறந்துவிட்டேன். இதில் யாருடைய குற்றம் பெரிது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குக் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை.

அவர் இந்த எழுத்தைக் கண்டுபிடிக்காமல் இருக்க வழியில்லை. தபால் கந்தோரில் ஊர் முழுவதின் கையெழுத்தும் பார்த்தவர். எல்லோருக்கும் முன்னால் என்னைக் கிழித்துக் காயவிடப்போகிறார் என்று நின்றேன்.

"எழுத்து நல்ல வடிவு, டீச்சர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு எழும்பினார். "சொன்ன சொல் சொன்னதுதான். நான் போறன். ராஜினாமாவ எழுதி அனுப்புறன்."

"அக்கா, போறதெண்டா போங்க" என்றார் அதிபர். "ஆனா நீங்க போனா கோரம் இல்ல. கேற்றத் திறக்கிற தீர்மானத்த நிறைவேத்திட்டுப் போங்க."

அக்கா மறுபடி இருந்தார். கேற்றை நாளைக்கே திறக்க வேண்டும் என்று நான் முன்மொழிந்தேன். அவர் வழிமொழிந்தார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். வருஷக்கணக்காகக் கிடந்த விஷயத்துக்கு எடுத்த நேரம், பிள்ளைகளுக்கு ஒரு வகுத்தல் கணக்குச் செய்துகாட்டுகிற நேரம். ஜன்னலுக்கு வெளியே அந்த ஐந்தில் மிச்சம் நான்கு பேரும், என்ன நடக்கிறது என்று தெரியாமல், பதாகையைப் பாதி சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த நாள் காலை நான் பின் கேற்றடிக்குப் போனபோது ஏழு மணியாகவில்லை. தபாலக்கா எனக்கு முன்னால் வந்திருந்தார். ஒரு கையில் தடி, மறு கையில் குடை. காவலாளியிடம் பூட்டின் திறப்பு இருந்தது, ஆனால் போட்டுத் திருகியும் பூட்டு மசியவில்லை. தம்பி போத்தலில் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றி, தட்டி, ஊற்றி, ஒருமாதிரி அது வாயைத் திறந்தது. கேற்றைத் தள்ளியபோது முதலில் உள்ளே வந்தது ஒரு ஆடு. அக்கா அதை வாவிக்கரை வரைக்கும் கலைத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்.

பாதை துறையை வந்து அடைந்தது. பிள்ளைகள் இறங்கி வழக்கம்போல கேற்றைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வழக்கம்போல ஒழுங்கைப் பக்கம் திரும்பி நடந்தார்கள். கதை முதல் நாள் இரவே அக்கரைக்குப் போயிருந்தும், திறந்திருக்கிறது என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் வந்தார்கள். வந்தவர்கள் கேற்றால் நுழையும்போது சும்மா ஓடினார்கள். நேரம் நிறைய இருந்தது, ஓடத் தேவையே இல்லை.

கடைசியாக வந்தது பதினோராம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி. ஆறாம் ஆண்டில் சேர்ந்த நாளிலிருந்து கொடிக்கம்பத்தடியில் நின்றவள். சோதனைக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. தபாலக்காவுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினாள்.

"நீங்கதான் கேற்றத் திறந்து தந்ததாம். கும்பிட்டுட்டுப் போகச் சொன்னவ அம்மா."

அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆனது. எத்தனையோ பேர் அவருக்கு மாலை போட்டிருக்கிறார்கள். ஒருநாளும் தலையைக் குனிந்து வாங்கியதில்லை, இன்னும் என்ன செய்யவேண்டும் என்றுதான் கேட்பார். அன்றைக்குக் குனிந்தார்.

"போ மனே" என்றார். "மணி அடிக்கப் போகுது."

மணி அடிக்கப் பதினைந்து நிமிடம் இருந்தது. பிள்ளை போனதும் அவர் மடக்கிய குடைக்குள் இருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து என்னிடம் நீட்டினார். நன்றாக ஒட்டியிருந்தது. என்னுடைய பதவியும் பள்ளிக்கூட முகவரியும் மணி மணியாக எழுதியிருந்தது.

நான் உறையைத் தடவிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ராஜினாமாதான்.

"கிடைச்சது அக்கா" என்றேன். "உரிய கவனம் எடுப்பம்."

அவர் "பாப்பம்" என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்துகொண்டிருந்த ஆட்டைக் கலைக்கப் போனார்.

அந்த உறை சங்கத்துக் கோப்பில் இருக்கிறது. மேலே கிடைத்த திகதியைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். திறக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தபாலக்கா கால் மணித்தியாலம் முந்தியே வந்து, தன் கதிரையைத் தானே துடைத்துவிட்டு இருந்தார்.